நடராசா அண்ணனுக்குப் பெருமை பிடித்த காலம்

கண் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளே, தெளிவாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெளிவு என்னிடம் இருந்திருந்தால் வேலையை விட்டு வரும்போதே உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்திருப்பேன். என்னிடம் இருப்பது ஒரு குழப்பம்தான். அது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. மீன் கழுவும்போது வருகிறது, கல்லடிப் பாலத்தில் பஸ் நிற்கும்போது வருகிறது, யாராவது பக்கத்தில் வந்து நின்று நான் கவனிக்காமல் இருந்துவிட்டால் உடனே வருகிறது. அதைத்தான் இன்றைக்கு உங்களுக்குத் தரப்போகிறேன். பிரித்துப் பாருங்கள். எனக்குப் பிரிபடவில்லை.

மற்றக் கண் வருத்தங்கள் சத்தம் போட்டுக்கொண்டு வரும். தூசு விழுந்தால் கண் கலங்கும், கண்ணோய் வந்தால் சிவக்கும், வெண்புரை வந்தால் உலகமே புகைந்து மனிதர் தானாகவே ஆஸ்பத்திரியைத் தேடி வருவார். குளுக்கோமா அப்படி வருவதில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், பெரும்பாலும் வலியே இருக்காது. அது பார்வையை ஓரத்திலிருந்து தின்னும். கோடையில் வாவி வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரம் காய்ந்து வெடித்துக் கிடக்கும், நடுவில் தோணியில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் தண்ணீர்தான். அப்படித்தான். கடைசிவரை நடுப்பார்வை இருக்கும். பலகையில் கடைசி வரி எழுத்துக்களைக் கூட வாசிப்பார்கள். வாசித்துவிட்டு வெளியே போகும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும்.

போன பார்வை திரும்பாது. மருந்து இருப்பதைக் காக்கும், அவ்வளவுதான். இதை விளங்கவைப்பதுதான் நமது தொழிலின் பாதிக் கஷ்டம். கரடியனாற்றிலிருந்து வந்த ஒரு வேளாண்மைக்காரர், "மருந்து விட்டு விட்டுப் பாத்தன் மிசி, ஒரு தெளிச்சலும் இல்ல. என்னத்துக்கு விடுற?" என்று போத்தலைத் திருப்பி என் கையில் வைத்தார். தாதிமார் எல்லாருமே இவர்களுக்கு மிசிதான். "வட்டைக்குக் காவல் போட்டா நெல்லு கூடவா விளையும் ஐயா? யானை தின்னாம இருக்கும்," என்றேன். வயலைக் காப்பவருக்கு அது பிடித்துப்போயிற்று. சிரித்துக்கொண்டு போத்தலை வாங்கிப் போனார். பிறகு ஒழுங்காக விட்டாரா, தெரியாது. அப்படித் தெரியாமல் போனவர்கள் நிறையப் பேர்.

யாருக்கு இது மோசமாகப் போகும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. வயது, கூடிய அழுத்தம், கடையில் தாங்களே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீரொய்ட் சொட்டு மருந்து, பிந்தி வருவது, இரத்த உறவில் ஒருவருக்கு இருப்பது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் நமது மண் புத்தகத்தை ஏமாற்றிவிடுகிறது. அதைச் சொல்ல யோகம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யோகம் அக்கா ஆரையம்பதி. எங்களிடம் வந்தபோது இடது கண் முழுதாகப் போயிருந்தது. அது போனது அவருக்கே தெரியாது. வலது கண்ணில் தூசு விழுந்து கையால் பொத்தியிருக்கிறார், பட்டப்பகலில் வீடு இருண்டுபோயிருக்கிறது. "கரண்ட் போயிட்டு எண்டுதான் மிசி நினைச்சன்," என்று சொல்லி அவரே சிரித்தார். வலது கண்ணில் நல்ல பங்கு மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைப் பாதுகாக்கத்தான் மாதாமாதம் வருவார்.

முதல் நாள் டொக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் கண் தெரியாமப் போயிருக்கா அக்கா?"

"எங்கட ஆக்கள்லயா? சீ, இல்ல மிசி. எங்கம்மா இப்பவும் ஊசியில நூல் கோக்கிறா. பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் நல்ல கண்ணோடதான் போய்ச்சேந்தவங்க. எங்கட குடியில அப்பிடி ஒண்டுமில்ல."

டொக்டர் வேறு மாவட்டத்துப் பிள்ளை. அவருக்கு அது முழுமையான பதில். எனக்கும் முழுமையான பதிலாகத்தான் கேட்டது. நான் இந்த மண்ணில் பிறந்ததால் அப்படிக் கேட்டது. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகும், கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே 'எங்கட ஆக்கள்' என்று ஒரு பெண் சொன்னால் அது அம்மா, அம்மாவின் சகோதரிகள், அவர்களின் பிள்ளைகள். அப்பாமேல் எவ்வளவு அன்பு இருந்தாலும் அப்பா வேறு குடி. அப்பாவின் தங்கை மாமி, அவரும் வேறு குடி. மாமிக்குக் கண் தெரியாமல் போனால் அது அந்தக் குடியின் சங்கதி. யோகம் அக்கா சத்தியமாக உண்மைதான் சொன்னார். நோய்க்கு நம்முடைய குடி வழமை தெரியாது, அது அப்பா பக்கத்தாலும் நடந்து வரும்.

அவரைக் கூட்டி வருவது கணவர் நடராசா அண்ணன். வாவியில் வீச்சுவலை போடுபவர். காத்தான்குடிச் சந்தை நெரிசலுக்குள்ளால், பாலத்துக்கு மேலால், பழைய மோட்டார் சைக்கிளில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு வருவார். வெளி வாங்கில், அந்த நீள மரப் பெஞ்சில், குந்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். துணைக்கு வருகிறவர்களை நமது கிளினிக்கில் யார் பார்க்கிறார்கள்? இடத்தை அடைக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்போம்.

ஒரு கிளினிக் நாள் யோகம் அக்கா முகத்தை உப்பவைத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார். கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன்.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"என்னத்தச் சொல்ல மிசி. எங்கட தம்பிர மகளுக்குக் கலியாணம் வருது. நாங்க போகேலாது."

"ஏன் போகேலாது?"

"இவருக்குப் பெருமை பிடிச்சிட்டு."

பக்கத்துக் கதிரையில் மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் காதைத் திறந்தார்கள்.

"தம்பி ரவி கலியாணத்துக்குச் சொல்ல வந்தான் மிசி. முறையா வெத்தில வட்டாவோட வந்தான். இவரு கதிரையில இருந்து ரீவியில மெச் பாக்காரு. சத்தமெண்டா அப்பிடிச் சத்தம். தம்பி பக்கத்தால வந்து வட்டாவ நீட்டிக்கொண்டு நிக்கான். வட்டாவ நீட்டினா மறுகா வாயத் திறந்து கூப்பிடவா வேணும்? இவரு கிறுகியும் பாக்கல்ல. அவன் நிண்டான், நிண்டான். கடைசியா வட்டாவ என்ர கையில தந்திட்டு, 'அக்கே, உன்ர மாப்பிள்ளைக்கு எங்கட வெத்தில காணாதாம்' எண்டிட்டுப் படலையச் சாத்திக்கொண்டு போயிட்டான்."

புதிதாக வந்த உங்களில் யாராவது வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் சொல்கிறேன். வட்டா என்பது வெற்றிலை வைக்கும் பித்தளைத் தட்டம்; காணாது என்றால் போதாது. அதை ஒருவர் நீட்டி மற்றவர் தொடாமல் விட்டால் அது உறவைத் தள்ளிவிட்டதற்குச் சமன். அதைவிடக் கன்னத்தில் அடித்திருக்கலாம்.

"அண்ணன் என்ன சொல்லுறார்?"

"நான் காணல்ல எண்டு சாதிக்காரு. காணாம இருக்கிறதுக்குத் தம்பி என்ன எறும்பா மிசி? ரெண்டாள் பருமன்!"

கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்தது.

"கோயில்ல நிர்வாகம் பாக்கிற வண்ணக்கர் கையத் தூக்கினாராம், இவரு பாக்காமப் போனாராம். ஊருக்குள்ள இப்ப இவருக்குப் பேரு 'துரை'. துரை வாறாரு, துரை போறாரு. ரோட்டிலயும் அப்பிடித்தான் மிசி. பக்கத்தால பஸ் வந்தாலும் துரைக்குத் தெரியாது. நான்தான் பின்னுக்கிருந்து தோள்ல தட்டித் தட்டிக் கொண்டாறன். இடத் தோள்ல தட்டினா இடப்பக்கம் வாகனம், வலத் தோள்ல தட்டினா வலப்பக்கம்."

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பயமா, ஒரு முடிச்சு அவிழும்போது வரும் சந்தோசமா? அப்படி ஒரு சந்தோசம் வந்தது, மறைக்கமாட்டேன். ஒரு கண் இல்லாத மனைவி பின்னால் இருந்து தட்டித் தட்டி ஓட்டும் ஒரு மோட்டார் சைக்கிள். கையில் இருந்த போத்தலை வைத்துவிட்டு வெளியே போனேன்.

நடராசா அண்ணன் வாங்கில் இருந்தார். நான் அவருக்குச் சரி பக்கத்தில் போய் நின்றேன். அவர் தலையைத் திருப்பவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தில் பெருமையும் இல்லை, ஒன்றும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகம். இன்னும் ஒரு எட்டு. கிட்டத்தட்ட அவர் மூக்குக்கு முன்னால் வந்தபோது திடுக்கிட்டு எழும்பினார்.

"ஐயோ மிசி! எங்கயிருந்து வந்தீங்க?"

"பக்கத்திலதான் அண்ணன் நிண்டனான்."

"இல்ல, இப்ப எல்லாரும் இப்பிடித்தான் வாறாங்க. ஆக்கள் திடீரெண்டு முன்னுக்கு முளைக்காங்க, திடீரெண்டு இல்லாமப் போறாங்க. முந்தி ஆக்கள் நடந்து வருவாங்க. இப்ப ஒருத்தரும் நடந்து வாறல்ல."

பிள்ளைகளே, குளுக்கோமாவைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களுக்குள் இதைவிடச் சரியானதை ஒரு டொக்டரும் சொல்லவில்லை. சொன்னவருக்கு அது விளக்கம் என்று தெரியாது. மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அம்மாட கண் எப்பிடி இருந்திச்சு அண்ணன்?"

"அம்மாவா? கடைசிக் காலத்தில சுவரத் தடவித்தான் நடந்தவ. வயசுபோன கண்தானே."

"அப்ப அவக்கு என்ன வயசு?"

அவர் வாயைத் திறந்தார். கணக்குப் பார்த்தார்.

"இப்ப எனக்குள்ள வயசுதான்," என்றார்.

அந்த அம்மா யார் தெரியுமா? யோகம் அக்காவின் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மாமி மகனையே யோகம் அக்கா முடித்திருந்தார். அப்பா இளம் வயதிலேயே போய்விட்டார், அவர் கண் என்னவாகியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நோய் அந்தப் பக்கத்தால் வந்திருக்கிறது. 'அது இவர்ர குடி' என்று யோகம் அக்கா கணக்கில் சேர்க்காமல் விட்ட பக்கம்தான், மாதாமாதம் மோட்டார் சைக்கிளில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கில் குந்தியிருந்தது.

உள்ளே கூட்டிப்போனேன். பலகையைக் காட்டியபோது கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். "பாத்தீங்களா?" என்று சந்தோசமாகக் கேட்டார். பிறகு நேரே என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, விரலைப் பக்கத்தில் வைத்து ஆட்டிக்கொண்டு மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "விரல இன்னும் வைக்கல்லயே மிசி, வையுங்க." விரல் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

டொக்டர் பார்த்தார். அழுத்தம் பார்த்தார், நரம்பைப் பார்த்தார், தன் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சுருட்டிய பாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம், இரண்டு கண்ணிலும். இன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். மோட்டார் சைக்கிள் தொடவே கூடாது. அவர்களுடைய மகளை வருசாவருசம் பரிசோதிக்க வேண்டும், இரண்டு பக்கத்தாலும் இருக்கிறது. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கதவக் கொஞ்சம் சாத்துங்க," என்றார்.

"மிசி, டொக்டர், இது வெளிய போகப்படாது. அவளுக்கும் சொல்ல வேணாம்."

"ஏன் அண்ணன்?"

"மகளுக்குப் பேச்சு நடக்குது. தாய்க்கு ஒரு கண் இல்ல எண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியும். பரவாயில்ல எண்டுட்டாங்க. தகப்பனுக்கும் எண்டா? பிள்ளையையும் பாக்கோணும் எண்டா? ஒழும்பிப் போயிருவாங்க."

"ரவி உங்களோட கோவமா இருக்காரே. இதச் சொன்னா அந்தக் கோவம் போயிருமே."

"போகும். கோவம் போய் இரக்கம் வரும்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "பெருமைக்காரன் எண்டு சொல்லட்டும் மிசி. துரை எண்டு சொல்லட்டும். அதில ஒரு மரியாதை இருக்கு."

"அப்ப மருந்து?"

"மகள்ர காரியம் முடியட்டும். வாறன்."

டொக்டர் பேனாவை மேசையில் போட்டார். எவ்வளவு காலத்தில் முடியும் என்று கேட்டார். அது மாப்பிள்ளை வீட்டாரின் கையில் இருக்கிறது என்றார் அண்ணன். அதுவரை மிச்சம் இருக்கும் வட்டம் நிற்கும் என்று யாராலும் சொல்லமுடியாது என்றார் டொக்டர். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவட போத்தல்ல இருந்து ரெண்டு துளி எடுத்து விட்டா என்ன? வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது," என்றார். இரண்டு பேருக்கும் போதாமல் போகும், அக்காவின் இருக்கிற கண்ணும் போகும் என்று டொக்டர் கோபப்பட்டார். கோபப்பட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இந்த ஊர் ஆள் மிசி. நீங்க கதைச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட எழுந்து போனார். போகத்தான் வேண்டும், வெளியே அவ்வளவு சனம்.

கதவுக்கு அந்தப் பக்கம் யோகம் அக்காவின் குரல் கேட்டது. "இஞ்சேருங்க! எங்க போயிட்டீங்க? ஆளையும் காணல்ல, சத்தத்தையும் காணல்ல!"

இந்த இடத்தில்தான் உங்கள் படிப்பு கைவிட்டுவிடும். நோயாளியின் சங்கதி நோயாளிக்குச் சொந்தம், சரி. ஆனால் பின் இருக்கையில் இருந்து வருகிறவரும் என் நோயாளி. அவருடைய வலது கண்ணை இவ்வளவு காலம் நான் துளித்துளியாகக் காத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கண்ணை ஒரு பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் விடுவதா? காத்தான்குடி ரோட்டில் பள்ளிக்கூடம் விடும் நேரம். சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? இந்த மனிதர் இனி இந்த ஆஸ்பத்திரி வளவுக்குள் காலடி வைக்கமாட்டார். மகளின் கலியாணம் குழம்பினால் நான் குழப்பியது என்றாகும். சொல்லாவிட்டால்? மிச்சம் இருக்கும் வட்டமும் மூடும்வரை துரையாகவே வீட்டில் இருப்பார். ஒரு பக்கம் நினைத்தால் மறுபக்கம் இழுக்கிறது, மறுபக்கம் போனால் இந்தப் பக்கம் அழுகிறது. கடைசியில் எனக்கு வந்த அறிவு இவ்வளவுதான்.

"திறப்பத் தாங்க அண்ணன்."

"என்ன திறப்பு?"

"மோட்டச்சைக்கிள் திறப்பு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்க இத ஓட்டமாட்டீங்க."

நீண்ட நேரம் என்னைப் பார்த்தார். அந்த வட்டத்துக்குள் நான் முழுதாக இருந்தேன் என்று நினைக்கிறேன். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

வெளியே போனோம்.

"மோட்டச்சைக்கிள் பழுது. பஸ்ஸில போவம்," என்றார் மனைவியிடம்.

"வரக்குள்ள நல்லாத்தானே வந்திச்சு?"

"வரக்குள்ள நல்லாத்தான் வந்திச்சு."

"வாங்கில இருந்தபடியே பழுதாப் போச்சா?"

அண்ணனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இத இஞ்ச விட்டுட்டா போற? தம்பி கல்லடியிலதான் வேல செய்யிறான், வந்து எடுத்துப் போகட்டும்," என்று ஃபோனை எடுத்தார்.

"அவனுக்குக் கோல் அடிக்காத."

"அவனுக்குக் கோவம் உங்களோட. என்னோட இல்ல." சொல்லி முடிப்பதற்குள் எடுத்துப் பேசிவிட்டார். பேசிவிட்டு மருந்து வாங்கும் யன்னலுக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டார். என்னைத் தாண்டிப்போனபோது ஒரு பார்வை பார்த்தார். அதில் கேள்வி இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நடராசா அண்ணன் வாகை மரத்தடியில் வாசலைப் பார்த்தபடி நின்றார். நான் கொஞ்சம் தள்ளி, திறப்பு சட்டைப் பைக்குள். உள்ளே வேலை கிடந்தது, கால் நகரவில்லை.

ரவி முன் வாசலால் வரவில்லை. பின்பக்கக் கேற்றால் புகுந்து, அண்ணனுக்கு இடப்பக்கமாக வந்து நின்றார். உண்மையில் இரண்டாள் பருமன்தான். கையைக் கட்டிக்கொண்டார். அவர் முதலில் பேசமாட்டார், அது அவருடைய நிற்பிலேயே தெரிந்தது. வட்டாவோடு வந்தவனை மதிக்காதவர், கூப்பிட்டு வந்தவனையாவது ஒரு பார்வை பார்க்கட்டும் என்று நின்றார். அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை நீளம்கூட இல்லை இருவருக்கும் இடையில். ரவியின் தாடை இறுகியது. 'பாத்தீங்களா மிசி' என்பது போல் என்னை ஒருமுறை பார்த்தார். திரும்பிப் போகக் காலை எடுத்தார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்து எடுத்த முடிவு என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அண்ணனுக்கு நேர் முன்னால் நிறுத்தினேன்.

"என்ன மிசி இது?" என்றார் ரவி.

அதே நேரம் நடராசா அண்ணனின் முகம் மலர்ந்தது.

"அட, மச்சான்! எப்ப வந்த? உன்னத்தான் வாசலப் பாத்துக்கொண்டு நிக்கன்!"

அந்த முகத்தில் ஒரு துளி நடிப்பு இல்லை. ரவி அந்த முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் முன்பு தான் நின்ற இடத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பழைய இடத்துக்கே ஒரு எட்டு நகர்ந்தார்.

அண்ணனின் சிரிப்பு வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. கண் தேடியது.

"எங்க மச்சான் போற?"

ரவி திரும்ப முன்னால் வந்தார். "இஞ்சதான் மச்சான் நிக்கன்," என்றார்.

மருந்துப் பையோடு யோகம் அக்கா நாலு முழம் தள்ளி வந்து நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது. இருக்கிற ஒரு கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

"திறப்பு உங்களிட்டயா மிசி?" என்று ரவி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "அக்கே, நீங்க ரெண்டு பேரும் ஓட்டோவில வாங்க. நான் இதக் கொண்டாறன்," என்று மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா கணவரின் முன்னால் வந்து நின்றார். "எத்தின நாளா இப்பிடி?" என்றார். "என்னது?" என்றார் அண்ணன். "ஒண்டுமில்ல. வாங்க," என்று கையைப் பிடித்தார். இதுவரை தட்டிக்கொண்டு வந்த தோளை அன்றைக்கு அவர் தொடவில்லை.

டொக்டரிடம் சொன்னபோது, "நீங்க சொல்லாமலே சொல்லிட்டீங்க மிசி," என்றார். பாராட்டாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

அவர்கள் ரவியின் மகள் கலியாணத்துக்குப் போனார்கள். முன் வரிசையில் இருத்தினார்களாம். தங்கள் மகளுக்குப் பேசிய இடம், சங்கதி ஊருக்குள் பரவியதும், 'பாத்துச் சொல்லுறம்' என்றது. நான் வேலையை விட்டு வரும்வரை அவர்கள் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை நானே கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன், இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருசாவருசம் வரவேண்டும். அவள் என்னோடு மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதை சுட்டது.

ஆகவே, பிள்ளைகளே, எழுத்துப் பலகையை நம்பி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். குடும்பத்தில் யாருக்கும் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அப்பாவின் தங்கை கடைசிக் காலத்தில் எப்படி நடந்தார் என்று கேளுங்கள். வெளி வாங்கில் இருப்பவரின் பக்கத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். இவ்வளவை என்னால் உறுதியாகச் சொல்லமுடியும். அந்த முழங்கையைப் பிடித்து இழுத்தது சரியா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நடராசா அண்ணன் அடுத்த கிளினிக் நாளே வந்தார். தன் பெயர் எழுதிய மருந்துக் கொப்பியோடு, மனைவிக்குப் பக்கத்தில், நோயாளிகளின் வரிசையில். மருந்து வேலை செய்தது, அழுத்தம் இறங்கியது, இருந்த வட்டம் இருந்தபடி நின்றது. அவர் என்னிடம் கோபிக்கவில்லை. ஒருநாள் கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மிசி, நீங்க ஒருத்தருக்கும் சொல்லல்லதானே?"

"இல்ல அண்ணன்."

"ஓம். எனக்குத் தெரியும்." மருந்துக் கொப்பியை மடியில் வைத்தார். "இப்ப ஊருக்குள்ள எல்லாரும் எனக்கு முன்னுக்கு வந்து நிண்டுதான் கதைக்காங்க. பேர் சொல்லி, மெல்லமா. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி. துரை எண்டு ஒருத்தனும் சொல்லுறல்ல."

"நல்லதுதானே அண்ணன்."

"நல்லதுதான்," என்றார். "ஆராவது ஒருத்தன் பழையபடி ஏசினா நல்லாயிருக்கும் மிசி."

நான் போத்தலைத் திறந்துகொண்டு அவருக்கு நேர் முன்னால் போய் நின்றேன். தலையை நிமிர்த்தச் சொன்னேன்.